போனும் ஓடிபியும் ஒரே கையில்

மணப்பாறையில் முறுக்குக்கடை, டீக்கடை எங்கும் கியூஆர் அட்டை வந்துவிட்டது. பகலில் அங்கே பணம் கட்டுகிற போனில்தான் சாயங்காலம் பிள்ளை கேம் ஆடுகிறது. வினையே அதில்தான்.

பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளை போனில் பணம் செலவழிப்பது அமெரிக்காவில் 2014இலேயே பெரிய விவகாரமானது. அப்போது ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் அடுத்த 15 நிமிடம் மறுபடி கேட்டதில்லை; கூகுளில் 30 நிமிடம். அந்த இடைவெளியில் பிள்ளைகள் கேமுக்குள் வாங்கித் தள்ளினார்கள். அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டபின், ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும் கூகுள் 1.9 கோடி டாலரும் திருப்பித் தர ஒப்புக்கொண்டன.

நமக்கு அந்த ஓட்டை இல்லை என்று தோன்றும். கார்டுக்கு ஓடிபி, யுபிஐக்கு பின் போன்ற கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஆனால் ஓடிபி வந்து விழுவதும் அதே போனில்தானே! எண் படிக்கத் தெரிந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதும். கடையில் நம் பக்கத்தில் நின்றே பின்னையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆட்டோபே இன்னும் மோசம்: ஒருமுறை சம்மதம் கொடுத்தால், 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகை மாதாமாதம் பின் கேட்காமலே போகும்.

ஷாப்பிங் ஆப்பில் ‘கேஷ் ஆன் டெலிவரி’க்குப் பெரும்பாலும் ஓடிபிகூட வேண்டாம், முகவரி ஏற்கெனவே பதிவாகி இருக்கும். நல்லவேளை, பார்சலை வாங்க மறுத்தால் காசு போகாது. ‘யார் ஆர்டர் போட்டது?’ என்று வீட்டில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பிளே ஸ்டோர் அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்க்கும்படி வைக்கலாம். கைரேகை வைத்தால் உங்கள் விரல் மட்டும். ‘அழுகிறானே’ என்று பிள்ளையின் விரலையும் பதிந்து வைத்த வீடுகள் உண்டு! என்னைக் கேட்டால், வங்கி சிம் இல்லாத பழைய போனை விளையாடக் கொடுப்பதே மேல். விளையாடும் கருவியிலிருந்து எதையும் வாங்கவிடாதீர்கள் என்றுதான் மத்தியக் கல்வி அமைச்சகமும் 2021 டிசம்பரில் பெற்றோருக்குச் சொன்னது.

பணம் போய்விட்டதா? கூகுள் என்றால் 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோர் தளத்தில் ரீஃபண்டு கேளுங்கள். பிள்ளை வாங்கியது என்றே எழுதலாம். ‘ஜிபிஏ’ என்று தொடங்கும் ஆர்டர் எண் மெயிலில் வந்திருக்கும். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் நிலை. ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால், வாங்கியது நீங்கள்தான் என்று நிறுவனம் வாதிட இடமுண்டு. சரியான பின் போட்டுப் போன பணத்துக்கு வங்கி பொறுப்பேற்பதும் அரிது.

கோபத்தில் கேமை அழித்தால் மாதச் சந்தா நிற்காது. சந்தாவைப் பிளே ஸ்டோரில் ரத்து செய்ய வேண்டும்; ஆட்டோபேயும் ரத்தாகிவிட்டதா என்று யுபிஐ ஆப்பில் பார்த்துவிடுங்கள்.