புகார் பிறகு, சிகிச்சை முதலில்

‘அவர்கள் பண்பாடு அப்படி’

ஆஸ்திரேலியாவில் படிக்கும் ஆசிய மாணவர்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானால் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்டால், ‘அவர்கள் பண்பாடு அப்படி’ என்ற பதில் தயாராக இருக்கிறது. அது பாதி உண்மைதான். அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 39 பல்கலைக்கழகங்களில் 30,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வை 2017-இல் வெளியிட்டது. பாலியல் தொல்லைக்கு ஆளானவர்களில் 94 சதவீதம் பேரும், பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்களில் 87 சதவீதம் பேரும் பல்கலைக்கழகத்தில் முறையாகப் புகார் கொடுக்கவில்லை. சிட்னியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இந்தக் கணக்கில் அடக்கம். எல்லோரும் ஒதுங்கிப் போகும் ஒரு கதவை ஆசிய மாணவி தட்டாததற்கு மட்டும் பண்பாட்டைக் காரணம் காட்டினால், கதவின் கோளாறு கண்ணில் படாமல் போய்விடும்.

மௌனத்தின் கணக்கு

‘நாலு பேருக்குத் தெரிந்தால்’ என்ற பயம் பொய்யில்லையே என்று கேட்கலாம். பொய்யில்லைதான். ‘கற்பழிப்பு’ என்று நம் பத்திரிகைகள் நெடுங்காலம் எழுதிவந்த சொல்லே, இழப்பையும் இழுக்கையும் பாதிக்கப்பட்டவள் தலையில் கட்டியது. ஆனால் அந்தப் பயம் தனியாக வருவதில்லை. ஊரில் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கல்விக் கடன் இருக்கிறது. தொல்லை கொடுத்தவன் அதே ஷேர் வீட்டில் அடுத்த அறையில் இருக்கலாம். வீடு மாறினால் கட்டிய அட்வான்ஸ் திரும்பி வருமா என்பது தெரியாது. ஊருக்குத் தெரிந்தால் ‘படித்தது போதும், கிளம்பி வா’ என்பார்கள். ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவருக்கும், கை எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று ஒரு படிவத்தில் அந்நிய மொழியில் எழுத வராது. இத்தனையையும் கூட்டிக் கழித்து ஒருவர் பேசாமல் இருந்தால் அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசா பற்றிய பயத்தை மட்டும் கொஞ்சம் தெளிவுபடுத்தலாம்: புகார் கொடுத்தது என்பது விசாவை ரத்து செய்யக் காரணம் ஆகாது. சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுவதுதான் விசாவுக்குச் சிக்கல். கடும் பாதிப்பைக் காரணம் காட்டிப் படிப்பைத் தற்காலிகமாக ஒத்திவைக்க விதியில் இடமுண்டு.

‘ஏன் கத்தவில்லை?’

உதவி கேட்பதைத் தடுப்பதில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. பாதிக்கப்பட்டவரே தன்னை இப்படிக் கேட்டுக்கொள்கிறார். ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்குப் பின் அவசர மருத்துவ மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், சுமார் 70 சதவீதம் பேர் தாக்குதலின்போது உடல் விறைத்து அசைய முடியாமல் போனதாகச் சொன்னார்கள். இது சம்மதம் அல்ல, கோழைத்தனமும் அல்ல. பேரச்சத்தில் உடல் தானாகச் செய்வது. அப்படி உறைந்துபோனவர்களுக்குப் பிந்தைய மாதங்களில் அதிர்ச்சிசார் மன உளைச்சல் நோயும் (PTSD) மனச்சோர்வும் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

72 மணி நேரம்

பேசாமல் இருக்க இத்தனை காரணங்கள் இருப்பதால், புகாரையும் சிகிச்சையையும் ஒரே முடிச்சாகப் போடக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை விரைவாக, தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தேவையா என்று மருத்துவர் பார்ப்பார். இவற்றுக்குக் காவல் நிலையப் படி ஏற வேண்டியதில்லை. காவல்துறையிடம் போவதா என்று முடிவெடுக்காதவருக்கும் தடயங்களை எடுத்துப் பத்திரப்படுத்தும் வசதி பல இடங்களில் இருக்கிறது. முடிந்தால் குளிக்காமல், அப்போது போட்டிருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போவது நல்லது. குளித்துவிட்டாலும் போகலாம்.

இப்படிப் பிரித்தால் குற்றவாளி தப்பிவிடுவானே என்ற வாதத்தை ஒதுக்க முடியாது. ஆனால் ‘புகார் கொடுத்தால்தான் உதவி’ என்று நிலவிய எண்ணம் அவனைப் பிடித்துக் கொடுத்துவிடவில்லை; அந்த 87 சதவீதமே சாட்சி. மருத்துவரிடம் முதலில் வந்தவருக்குப் பிறகு புகார் கொடுக்கும் வழியாவது திறந்திருக்கும். பல்கலைக்கழகம் புகாரைச் சரியாகக் கையாளாவிட்டால் முறையிட 2025 பிப்ரவரி முதல் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இயங்குகிறது. 24 மணி நேரமும் இயங்கும் 1800 737 732 என்ற உதவி எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். நம் ஊர்க்காரர் யாராவது மொழிபெயர்ப்பாளராக வந்துவிடுவாரோ என்று தயங்குகிறவர்கள், வேறு நகரத்து ஆளாக இருக்கட்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டுப் பார்க்கலாம்.