வீட்டிலேயே தயாரிக்கலாம் கார் பாகங்கள்

உங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய மாருதி 800 நிற்கிறதா? என்ஜின் குறை சொல்ல முடியாதபடி ஓடும். ஆனால் ஏ.சி. காற்றைத் திருப்பிவிடும் தகடுகளில் ஒன்று உடைந்து உள்ளே விழுந்திருக்கும். ஜன்னல் கண்ணாடியை ஏற்றும் கைப்பிடியில் குமிழ் இருக்காது. கடையில் கேட்டால், "தகடு மட்டும் தனியா வராது சார், முழு செட்டா வாங்கணும்" என்பார்கள். செட்டும் இல்லை என்றால் பழைய இரும்புக் கடைகளில் தேட வேண்டியதுதான். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் அம்பாசடரும் நின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்தச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாகங்கள் கிடைப்பது அரிதாகிக் கொண்டே வரும்.

இவற்றை வீட்டில் உள்ள கம்ப்யூட்டர், ஒரு 3டி பிரிண்டர் ஆகியவற்றைக் கொண்டு நாமே செய்து கொள்ள முடியும். பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கடுக்காக இட்டுப் பொருளை உருவாக்கும் இந்தத் தொழில்நுட்பத்திற்கு அமெரிக்காவில் ஸ்காட் கிரம்ப் 1989-ல் காப்புரிமை கோரினார். அது 2009-ல் காலாவதியானது. அதற்கு முன்பே, 2005-ல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பௌயர் தொடங்கிய ரெப்ராப் திட்டம், பிரிண்டரை வீட்டிலேயே கட்டும் வழியை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருந்தது. லட்சக்கணக்கில் விற்ற இயந்திரம் இன்று ஒரு நடுத்தர மொபைல் போன் விலைக்கு வந்திருப்பதற்குக் காரணம் இவை இரண்டும்தான்.

பிரிண்டர் வாங்கினால் வேலை முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். இதில் பிரிண்டர் செய்வது கடைசி வேலை. அளவெடுப்பதும், சரியான பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுப்பதும்தான் நாம் செய்ய வேண்டியவை.

ஸ்கேனரே அளவுகோல்

முதலில் ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் வாங்கிக் கொள்ளுங்கள். சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. உடைந்த பாகத்தின் துண்டுகளைத் தூக்கி எறியாமல் ஒட்டிச் சேர்த்து, நீளம், அகலம், தடிமன், துளையின் விட்டம் ஆகியவற்றை மூன்று முறையாவது அளந்து பேப்பரில் படம் போட்டுக் குறித்துக் கொள்ளுங்கள்.

வளைவு நெளிவாக உள்ள பாகத்தைக் காலிப்பரால் அளப்பது கடினம். இதற்கு உங்கள் மேஜையில் தூசி படிந்து கிடக்கும் பிளாட்பெட் ஸ்கேனர் உதவும். பாகத்தைக் கண்ணாடி மீது வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து, 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்திடுங்கள். ஓர் அங்குலம் என்பது 25.4 மி.மீ. எனவே ஒரு மி.மீ. நீளத்திற்கு 23.6 பிக்ஸல்கள் கிடைக்கும். அதாவது ஒரு பிக்ஸல் 0.04 மி.மீ. மட்டுமே; கார் கிளிப்புக்கு இந்தத் துல்லியம் தாராளம். மெலிதான சி.ஐ.எஸ். வகை ஸ்கேனர்களில் கண்ணாடியைத் தொடும் பரப்பு மட்டுமே தெளிவாக விழும், மேலே உள்ளவை மங்கிவிடும். சற்றுக் கனமான பழைய சி.சி.டி. வகை ஸ்கேனர் இருந்தால் அதனையே பயன்படுத்துங்கள்.

ஸ்கேன் செய்த படத்தை இலவச சாப்ட்வேரான இங்க்ஸ்கேப்பில் திறந்து, பாத் மெனுவில் ட்ரேஸ் பிட்மேப் என்பதைக் கிளிக் செய்தால் வெளிக்கோடு தனியே கிடைக்கும். இதனை எஸ்.வி.ஜி. பைலாக சேவ் செய்திடலாம்.

இதே முறையில் இன்னொரு பயனும் உண்டு. வாட்டர் பம்ப் போன்ற இடங்களில் வரும் பேப்பர் பேக்கிங் கிழிந்திருந்தால், அதனை ஸ்கேன் செய்து, சாதாரண பிரிண்டரில் அச்சிட்டு, பேக்கிங் ஷீட் மீது ஒட்டி வெட்டிக் கொள்ளலாம். பிரிண்ட் விண்டோவில் 'பிட் டு பேஜ்' என்பதை எடுத்துவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' என வைக்க மறக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து, அச்சான பின் அளந்து பாருங்கள். சிலிண்டர் ஹெட் பேக்கிங்கை மட்டும் இப்படிச் செய்யக் கூடாது. அது கடையில் வாங்க வேண்டிய பொருள்.

வரைவதற்கு என்ன சாப்ட்வேர்?

புதியவர்களுக்கு டிங்கர்கேட் போதும். பிரவுசரிலேயே இயங்கும். எஸ்.வி.ஜி. பைலை இம்போர்ட் செய்து, மேலே இழுத்துத் தடிமன் கொடுத்து, துளை போட்டுவிடலாம். அளவுகளைப் பின்னர் மாற்ற வேண்டியிருக்கும் என்றால் ப்ரீகேட் நல்லது. இதில் ஸ்கெட்ச் வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் அளவு தந்து, 'பேட்' கட்டளை மூலம் தடிமன் தரலாம். துளை 3 மி.மீ. போதவில்லை என்றால் எண்ணை மட்டும் மாற்றினால் போதும், படம் தானே திருந்திக் கொள்ளும். புரோகிராம் எழுதிப் பழகியவர்களுக்கு ஓபன்ஸ்கேட் பிடிக்கும். மவுஸைத் தொடாமல், கட்டளை வரிகளாலேயே பாகத்தை உருவாக்கலாம். மூன்றும் இலவசம்.

ஒன்றுக்குள் ஒன்று சுழல வேண்டிய பாகங்களுக்கு இடையே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். வீட்டு பிரிண்டரில் துளைகள் வரைந்த அளவைவிடச் சற்றுச் சிறியதாகவே வரும்.

ஏ.சி. தகட்டையே எடுத்துக் கொள்வோம். அதன் இரு முனைகளிலும் சிறிய முளைகள் இருக்கும். தகட்டை நிற்க வைத்து அச்சிட்டால் முளை அடுக்கு அடுக்காக ஒன்றன் மேல் ஒன்று அமையும். விறகு நார் ஓடும் திசையில் எளிதாகப் பிளப்பது போல, இரண்டு அடுக்குகள் சேரும் இடத்தில் முளை பட்டென்று ஒடிந்துவிடும். படுக்க வைத்து அச்சிட்டால் இழைகள் முளையின் நீளவாக்கில் ஓடும், பலம் கூடும். அப்படியும் 2 மி.மீ. பிளாஸ்டிக் முளை நெடுநாள் தாங்கும் என்று சொல்ல மாட்டேன். முளைக்குப் பதில் துளை மட்டும் விட்டு, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு துண்டு வெட்டிச் செருகிவிடுங்கள். கம்பெனிக்காரர் செய்ததைவிட உறுதியாக இருக்கும்.

வெயில்தான் பரீட்சை

பிரிண்டருடன் இலவசமாக வரும் இழை பெரும்பாலும் பி.எல்.ஏ. வகைதான். அச்சிட மிக எளிது, வாசனை இல்லை, வளையாமல் வரும். காருக்கு மட்டும் உதவாது. இது 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் நிறுத்திய கார்களில் அளவெடுத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரியைத் தொட்டது. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதம் காரை வெளியே நிறுத்தியவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை.

பி.இ.டி.ஜி. இழை சுமார் 80 டிகிரி வரை தாங்கும். கதவு, இருக்கை ஆகியவற்றின் உள்பாகங்களுக்கு இது போதும். டாஷ்போர்டின் மேல்பக்கத்திற்கு ஏ.பி.எஸ். அல்லது ஏ.எஸ்.ஏ. வேண்டும். இரண்டும் 100 டிகிரி அளவில்தான் இளகும். ஏ.எஸ்.ஏ. வெயிலில் வெளுக்காது, நொறுங்காது என்பதால் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் இவை ஆறும்போது சுருங்கி, மூலைகள் மேலே தூக்கிக் கொள்ளும். பிரிண்டரைச் சுற்றி மூடிய பெட்டி தேவை. 100 மி.மீ. நீளத்தில் அரை மி.மீ.க்கு மேல் குறையலாம், அதனையும் கணக்கில் சேர்த்து வரையுங்கள். அச்சிடும்போது ஸ்டைரீன் வாயு வெளியாகும் என்பதால் குழந்தைகள் தூங்கும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

பழைய பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பின்பக்கத்தில் ஏ.பி.எஸ்., பி.பி., பி.ஏ.66 என்பது போன்ற ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் எந்த பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தார் என்பதை அது சொல்லிவிடும்.

இழை விற்பவர் டப்பாவில் ஒட்டியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் க்ளோஸ்டர்ஷையர் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த சிறு விமானம் ஒன்று, என்ஜின் சக்தி இழந்து விபத்துக்குள்ளானது. என்ஜினுக்குக் காற்று செல்லும் வழியில், 3டி பிரிண்டரில் செய்த பிளாஸ்டிக் முழங்கைக் குழாய் இளகி உள்ளே மடிந்திருந்தது. கார்பன் இழை கலந்த ஏ.பி.எஸ்., 105 டிகிரி தாங்கும் என்று நம்பி உரிமையாளர் பொருத்திய பாகம் அது. புலனாய்வாளர்கள் சோதித்தபோது 53, 54 டிகிரியிலேயே அது இளகியது.

நீங்களும் ஒரு சோதனை செய்திடலாம். புதிய இழையில் 100 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிமனில் ஒரு பட்டையை அச்சிட்டு, இரு முனைகளுக்கும் முட்டுக் கொடுத்து டாஷ்போர்டில் வையுங்கள். நடுவில் இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை வைத்து, காரை ஒரு மதியம் முழுவதும் வெயிலில் நிறுத்துங்கள். மாலையில் பட்டை தொய்ந்திருந்தால் அந்த இழை காருக்கு ஆகாது.

உலோகம் வேண்டும் என்றால்

அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலைஞர் ஜே லெனோ, தன்னிடம் உள்ள 1907-ஆம் ஆண்டு வைட் நீராவிக் காருக்கு ஃபீட்வாட்டர் ஹீட்டர் கிடைக்காமல் போனபோது என்ன செய்தார் என்பதை 2009-ல் எழுதினார். பழைய பாகத்தை 3டி ஸ்கேன் செய்து, பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, அதனை மாதிரியாக வைத்து உலோகத்தில் வார்த்துக் கொள்ளும் வழி அது. போர்ஷே நிறுவனம் 2018-ல் தன் பழைய 959 காரின் கிளட்ச் லீவரை உலோகத் தூளை லேசரால் உருக்கியே தயாரித்தது. அது நம் வீட்டில் நடக்காது. ஜே லெனோவின் வழி நடக்கும். நம் கோயம்புத்தூரில் பவுண்டரிகளுக்குப் பஞ்சமில்லை. அலுமினியம் ஆறும்போது மீட்டருக்கு 13 மி.மீ. அளவில் சுருங்கும் என்பதால் மாதிரியை 101.3 சதவிகிதமாகப் பெரிதாக்கி அச்சிடுங்கள். மண்ணிலிருந்து மாதிரி எளிதாக வெளிவர, பக்கங்களில் சிறிது சரிவு கொடுங்கள். அச்சு வரிகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுவதும் அவசியம்.

இவற்றைத் தொடாதீர்கள்

பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பெட்ரோல் செல்லும் குழாய், சீட் பெல்ட், ஏர்பேக் மூடி. இவை எதையும் வீட்டில் செய்ய வேண்டாம். ஏர்பேக் மூடி மேல் நீங்கள் செய்த மொபைல் ஸ்டாண்டை ஒட்டவும் வேண்டாம். விரியும்போது அது முகத்தை நோக்கித்தான் பறந்து வரும். உடைந்தால் எரிச்சல் மட்டும் தரும் பாகமா, ஆளையே காயப்படுத்தும் பாகமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது என்றால் கடைக்குச் செல்லுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. உடைந்த குமிழுக்குப் பதில் அதே போன்ற குமிழைப் போடுவது வேறு, வண்டியின் அமைப்பை மாற்றுவது வேறு.

பிரிண்டர் இல்லாதவர்கள் பைலை மட்டும் தயாரித்து, பெரிய நகரங்களில் உள்ள 3டி பிரிண்டிங் கடைகளுக்கு அனுப்பலாம். எந்தப் பிளாஸ்டிக், எந்தப் பக்கம் கீழே வர வேண்டும் என்பதை எழுதி அனுப்புங்கள். கூடவே "அளவு மி.மீ.யில்" என்றும் குறிப்பிடுங்கள். எஸ்.டி.எல். பைலில் எண்கள் மட்டுமே இருக்கும், அலகு இருக்காது. எதிர்முனையில் உள்ளவர் அங்குலம் என்று எடுத்துக் கொண்டால் உங்கள் குமிழ் 25.4 மடங்கு பெரிதாகிவிடும்.