பிறந்த குழந்தைக்கும் பக்கவாதம் வருமா?

ஸ்ட்ரோக் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தாத்தா, பிரஷர் மாத்திரை, ஒரு பக்கமாகக் கோணிப்போன வாய். ஆனால் பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத குழந்தைக்கும் அது வரும். சொல்லப்போனால், குழந்தைப் பருவத்திலேயே ஸ்ட்ரோக் வர அதிக வாய்ப்புள்ள காலம் பிறப்பை ஒட்டிய அந்தச் சில நாட்கள்தான். மூளைக்குப் போகும் தமனி அடைபடும் வகையை மட்டும் எடுத்துக்கொண்டாலே, சுமார் 2,300 முதல் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. "நான் மெக்கானிக்கல், எனக்கெதுக்குப்பா இது?" என்று ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. அக்காவுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறந்த வீடு நம்மில் பல பேருக்கு உண்டு.

காரணத்தைப் புரிந்துகொள்ள நம்ம பைப்லைன் அறிவே போதும். கருவில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லை. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடும். அதனால் இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு திறப்பு இருக்கும். ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் அந்த வழியாகவே இடப்பக்கம் தாண்டிவிடும். ஃபில்டரைச் சுற்றிப் போட்ட பைபாஸ் லைன் மாதிரி. நமக்குக் காலில் ரத்தக்கட்டி உருவானால் அது பெரும்பாலும் நுரையீரலில் போய்ச் சிக்கும். பிறக்கும் குழந்தைக்கோ அந்தத் திறப்பு இன்னும் முழுசாக மூடியிருக்காது. நஞ்சுக்கொடியில் உருவான ஒரு சின்னக் கட்டி நேராக மூளைக்கே போய்விடலாம். போதாததற்கு, பிரசவ நேரத்தில் தாய், சேய் இருவருக்குமே ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும்.

பிறவி இதயக் கோளாறு, மூளைக்காய்ச்சல், உடம்பில் நீர் வற்றிப்போவது ஆகியவையும் காரணமாகலாம். ஆனால் பல குழந்தைகளுக்கு எவ்வளவு தேடினாலும் இதுதான் என்று ஒரு காரணம் கிடைப்பதில்லை. வீட்டில் உடனே "கிரகணத்தன்னைக்கு வெளியே போனியா?", "பப்பாளி சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த அம்மா செய்த எதனாலும் இது வரவில்லை. பக்கத்தில் இருந்தால் நீங்களாவது அதைச் சொல்லுங்க.

அறிகுறிகள் பெரியவர்கள் மாதிரி இருக்காது. முதல் மூன்று நாட்களுக்குள் வலிப்பு வருவதுதான் முக்கியமான அடையாளம். ஒரு பக்கத்துக் கை மட்டும் ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டே இருக்கும், அல்லது மூச்சு விட்டு விட்டு நிற்கும். பச்சைக் குழந்தை சும்மாவே தூக்கிப்போடுமே, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அந்தக் கையை மெதுவாகப் பிடித்துப் பாருங்க. சாதாரண நடுக்கம் நின்றுவிடும். வலிப்பு உங்கள் பிடிக்குள்ளும் துடிக்கும். அப்படித் துடித்தால் உடனே ஆஸ்பத்திரி.

அங்கே உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள், ஆனால் ஆரம்பத்தில் அதில் தெரியாமல் போகலாம். நிச்சயப்படுத்துவது டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. ரத்தம் கிடைக்காத செல்லில் அயனி பம்புகள் நின்று, தண்ணீர் உள்ளே புகுந்து, செல் வீங்கும். அங்கே நீர் மூலக்கூறுகள் இஷ்டத்துக்கு அலைய முடியாது. அந்த அலைச்சல் குறைந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். ஒரு வாரம் போனால் அது மங்கத் தொடங்கிவிடும் என்பதால் சீக்கிரம் எடுப்பது நல்லது.

கட்டியைக் கரைக்கும் ஊசி? பெரியவர்களுக்குப் போடுவதுபோலப் பச்சைக் குழந்தைகளுக்குப் போடுவதில்லை. வலிப்பு தெரியும்போது சேதம் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும். சர்க்கரை, ஆக்சிஜன், உடல் சூடு இவற்றைச் சரியாக வைப்பதும், ஃபீனோபார்பிட்டோன் போன்ற மருந்தால் வலிப்பை அடக்குவதும்தான் சிகிச்சை. தமனிக்குப் பதில் சிரையில் அடைப்பு என்றால் சிலருக்கு ஹெப்பாரின் கொடுப்பார்கள். நல்ல விஷயம், இது திரும்ப வருவது மிக அபூர்வம்.

எனக்கு அதிகம் கவலை தருவது வலிப்பே வராமல் "நார்மல்" என்று வீட்டுக்கு வந்துவிடும் குழந்தைகள். நாலைந்து மாசத்தில் ஒரு கை மட்டும் எப்போதும் மூடியே இருக்கும், பொம்மைக்கு இன்னொரு கைதான் நீளும். வீட்டில் "பாருடா, நொட்டாங்கைக்காரன்!" என்று கொஞ்சுவார்கள். கைப்பழக்கம் என்பது ஒரு வயசுக்கு முன்னால் வரக்கூடிய விஷயமே இல்லை. வந்தால் அந்த இன்னொரு கை பலவீனமாக இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

ஏன் அவசரம்? பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு பக்கத்துக்கும் நரம்பு இணைப்பு இருக்கும். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ஜேனட் ஐர் குழு காட்டியதுபோல, அதன் பிறகு அவற்றுக்குள் போட்டி நடக்கும். அதிகம் சிக்னல் போகும் இணைப்பு நிலைக்கும், சும்மா கிடப்பது பின்வாங்கும். அடிபட்ட பக்கம் முதல் மாதங்களில் உபயோகத்திலேயே இல்லை என்றால் உள்ள கொஞ்ச இணைப்பும் போய்விடும். அதனால்தான் நல்ல கைக்குத் தினமும் கொஞ்ச நேரம் மென்மையான உறை மாட்டி, மற்ற கையை விளையாட்டில் இழுக்கும் பயிற்சியைக் கைக்குழந்தைகளுக்கே தொடங்குகிறார்கள்.

பலன்? சுமார் 30 முதல் 60 சதவீதம் பேருக்கு ஒரு பக்கக் கை, கால் பலவீனம் தங்கிவிடுகிறது, ஆனாலும் அநேகமாக எல்லோரும் நடந்துவிடுகிறார்கள். சிலருக்குப் பிற்பாடு காக்காய் வலிப்பு, படிப்பில் சிரமம் வரலாம். பேச்சு விஷயம்தான் ஆச்சரியம். பிறக்கும்போதே இடது மூளையில் பெரிய அடைப்பு வந்து, பிறகு வளர்ந்த 9 முதல் 26 வயதுக்காரர்களை எலிசா நியூபோர்ட் குழு ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டது. மொழி, வலது மூளையில் கண்ணாடிப் பிம்பம்போல அதே இடங்களுக்குக் குடிபோயிருந்தது! பெரியவர்களுக்கு அதே அடி விழுந்தால் பேச்சு திரும்புவதே பெரும்பாடு.

நம்ம ஊரில் இதற்கு அலைய வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். பயிற்சி இலவசம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது குழந்தையை மடியில் உட்காரவைத்து, கிலுகிலுப்பையை ஒருமுறை வலப்பக்கமும் ஒருமுறை இடப்பக்கமும் நீட்டிப் பாருங்க. இரண்டு தடவையும் ஒரே கைதான் வருகிறது, அதுவும் நாள் தவறாமல் அப்படியே என்றால், 9-ஆம் மாசத் தடுப்பூசி வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க.