மிசிசிப்பியின் கோடை: இனவெறி தரும் உளக்காயமும் துணைநிற்போரின் கடமையும்

1940களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளை நிறத்திலும் பழுப்பு நிறத்திலும் பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைச் சுட்டினர். 'உன்னைப் போன்ற பொம்மை எது?' என்று கேட்டதும் சில குழந்தைகள் அழுதபடி அறையை விட்டு வெளியேறினர். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், கிளார்க்கின் ஆய்வையும் தன் அடிக்குறிப்பில் சுட்டியது.

அக்குழந்தைகளை யாரும் அடிக்கவில்லை. ஆயினும் அவர்கள் காயம்பட்டிருந்தனர். இத்தகைய காயத்தைக் குறிக்கும் சொற்கள் பின்னர் உருவாயின. அன்றாடம் எதிர்கொள்ளும் சிறு அவமதிப்புகள் சேர்ந்து மனிதரை நசுக்குவதை 1970இல் கறுப்பின உளமருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 'நுண் வன்முறை' என்னும் பொருளில் பெயரிட்டு விளக்கினார். இனவெறியால் விளையும் உளத் துயரை மனநோய் என வகைப்படுத்தாமல் காயம் என்றே அழைக்க வேண்டும் என 2007இல் உளவியலாளர் ராபர்ட் கார்ட்டர் வாதிட்டார். இவ்வேறுபாடு முக்கியமானது. நோய் என்றால் நோயாளியை மட்டும் ஆராய்வோம். காயம் என்றால் காயப்படுத்தியது எது என்றும் கேட்க வேண்டியிருக்கும்.

தூக்கமின்மை, ஓயாத எச்சரிக்கை உணர்வு, திடீர்ச் சினம், உணர்வு மரத்துப்போதல், தன் திறமை மீதே எழும் ஐயம் ஆகியன இக்காயத்தின் வெளிப்பாடுகள். விபத்தில் சிக்கியவருக்கு விபத்து முடிந்துவிடுகிறது. இனவெறிக்கு ஆளானவரோ நாளையும் அதே வகுப்பறைக்கும் அதே அலுவலகத்திற்கும் செல்ல வேண்டும். எனவே 'மறந்துவிடு' என்ற அறிவுரை அவருக்குப் பயன்படாது.

அவ்வாறெனில் அவர்கள் எப்படித் தாங்கினார்கள்? 1964ஆம் ஆண்டின் மிசிசிப்பி மாநிலம் இதற்கு ஒரு விடை தருகிறது. அங்கே வாக்களிக்கும் வயதடைந்த கறுப்பின மக்களில் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தோர் 1962இல் 7 விழுக்காட்டிற்கும் குறைவு. அக்கோடையில் சுமார் 17,000 பேர் அச்சுறுத்தல்களை மீறிப் பதிவு செய்ய முயன்றனர். ஏற்கப்பட்டவை சுமார் 1,600 மட்டுமே. இத்தோல்விக்கு நடுவிலும் இயக்கம் 40க்கும் மேற்பட்ட விடுதலைப் பள்ளிகளை நடத்தியது. கறுப்பின வரலாற்றைக் கற்பதும், நாடகம் நடிப்பதும், செய்தித்தாள் வெளியிடுவதும் அங்கே பாடங்களாயின. அச்சத்தைக் கூட்டாகப் பேசவும் பாடவும் தேவாலயக் கூட்டங்கள் இடம் தந்தன.

களப்பணியாளர்களும் சோர்ந்தனர். உளமருத்துவர் ராபர்ட் கோல்ஸ் அவர்களிடம் கண்ட களைப்பைப் பற்றி 1964இலேயே எழுதினார். கறுப்பின உளமருத்துவர் ஆல்வின் பூசெயின்ட் 1965இல் மிசிசிப்பி சென்று, மனித உரிமைகளுக்கான மருத்துவக் குழுவில் பணியாற்றினார். ஓய்வும் மருத்துவமும் போராட்டத்திலிருந்து விலகுவதாகாது. அவை போராட்டத்தின் தேவைகளே என்பதை இப்பணி உணர்த்துகிறது.

துணைநிற்பது குறித்த கடினமான பாடமும் அக்கோடையில்தான் கிடைத்தது. வட மாநிலங்களிலிருந்து வந்த தொண்டர்களில் பெரும்பாலோர் வெள்ளையின மாணவர்கள். ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி என்ற கறுப்பின இளைஞரும், ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற வெள்ளையின இளைஞர்களும் கொல்லப்பட்டனர். நாடே அதிர்ந்தது, நூற்றுக்கணக்கானோர் தேடுதலில் இறங்கினர். அத்தேடுதலின்போது ஹென்றி டீ, சார்லஸ் மூர் என்ற இரு கறுப்பின இளைஞர்களின் உடல்களும் ஆற்றில் கிடைத்தன. மே மாதமே கொல்லப்பட்டிருந்த அவர்களை நாடு தேடவில்லை. அவ்வழக்கில் ஒருவருக்குத் தண்டனை கிடைக்க 2007 வரை காத்திருக்க நேர்ந்தது. சேனி மட்டும் காணாமற்போயிருந்தால் எவரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று ஷ்வெர்னரின் மனைவி ரீட்டா செய்தியாளர்களிடம் வெளிப்படையாகக் கூறினார். தம் மீது விழுந்த வெளிச்சத்தை அது விழாத இடத்தை நோக்கித் திருப்பினார் அவர்.

1966இல் கறுப்பின இளைஞர் தலைமை அடுத்த கோரிக்கையை முன்வைத்தது: வெள்ளையினத் தோழர்கள் வெள்ளையர் வாழும் பகுதிகளுக்குச் சென்று அங்குள்ள இனவெறியை எதிர்க்கட்டும். பலருக்கு இது கசந்தது. ஆனால் காயத்தின் ஊற்றுக்கண் அங்கேதான் இருந்தது.

இவ்வரலாறு நமக்கு அந்நியமன்று. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் உருவான தலித் பேந்தர்ஸ், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து தன் பெயரைப் பெற்றது. சாதியும் இனமும் ஒன்றல்ல. எனினும் இழிவு மனத்தில் இறங்கும் வழி ஒத்திருக்கிறது. சேர்க்கை நாளன்றே கட் ஆஃப் மதிப்பெண்ணை விசாரிப்பதும், குலதெய்வத்தைக் கேட்டுச் சாதியை அறிய முயல்வதும் நம் கல்லூரிகளின் நுண் வன்முறைகள்.

காயம்பட்ட மாணவர் தனித்திருக்க வேண்டியதில்லை. நேர்ந்ததற்குப் பெயரிடுதல், நாளும் சாட்சியும் குறித்து வைத்தல், நம்பிக்கையானவர்களுடன் கூடிப் பேசுதல், சாதியை மறுக்காத உளநல ஆலோசகரை நாடுதல், களத்தில் முறைவைத்து ஓய்வெடுத்தல் ஆகிய அனைத்தும் தாங்கும் வழிகளே.

துணைநிற்க விரும்பும் பிற சாதி மாணவருக்கு வேறு பட்டியல் உண்டு. காயத்தை மீண்டும் மீண்டும் விவரிக்கச் சொல்லாதீர்கள். புகாரில் சாட்சிக் கையெழுத்திடுங்கள். வழக்குச் செலவில் பங்கேற்றுத் தலைமையை உரியவரிடம் விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சேரியில் வந்து சாதி ஒழிப்பு பேசுவதற்கு முன் உங்கள் ஊர்த் தெருவில் பேசுங்கள். அங்கே, உங்கள் வீட்டுத் திருமணப் பேச்சிலும் சாதிச் சங்கக் கூட்டத்திலும் நாங்கள் நுழைய முடியாது. நீங்கள் நுழைய முடியும்.