பக்க வாத்தியம் இல்லாத கச்சேரி

கச்சேரி என்றதும் மிருதங்கமும் ஆர்மோனியமும் நம் நினைவுக்கு வருகின்றன. நேயர்களே, வாத்தியம் எதுவுமின்றி, மனிதக் குரலை மட்டுமே நம்பி நடக்கும் கச்சேரியும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ' குழு அவ்வாறு பாடியே உலகப் புகழ் பெற்றது.

இவர்கள் பாடும் இசையின் பெயர் 'இசிகதாமியா'. ஊரையும் மனைவி மக்களையும் விட்டு, சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைக்க வந்த சூலு இனத் தொழிலாளர்கள் வளர்த்த இசை இது. ஆண்கள் மட்டுமே தங்கிய விடுதிகளில், வார இறுதி இரவுகளில் ஒன்றுகூடிப் பாடினார்கள். பாட்டுப் போட்டிகள் விடிய விடிய நடந்தன. காவலாளிகளுக்குக் கேட்காதபடி பூனைபோல் அடியெடுத்து ஆடினார்கள். அந்த மெல்லடியே இசைக்கும் பெயராயிற்று.

வாத்தியம் இல்லாத குறை எப்படித் தீர்கிறது? ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கிறார். மற்றவர்கள் பதில் பாடுகிறார்கள். சிலர் மேல்குரலில் பாட, பெரும்பாலோர் கனத்த கீழ்க்குரலில் பாட்டைத் தாங்குகிறார்கள். தாளத்திற்குக் காலடி இருக்கிறது.

இக்குழுவை 1960-இல் தொடங்கிய ஜோசப் ஷபலாலாவும் ஆலைத் தொழிலாளியாக இருந்தவரே. 1986-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் இசைத்தட்டில் 'ஹோம்லெஸ்' என்ற பாட்டை இக்குழு பாடியது. பழைய திருமணப் பாட்டின் மெட்டு, வீடற்றவர்களைப் பற்றிய புதுப்பாட்டாயிற்று. ஆக்கியவர்கள் என்று இருவர் பெயரும் அச்சாயின.

எல்லாருக்கும் அந்த நியாயம் கிடைக்கவில்லை. 1939-இல் சாலமன் லிண்டா என்ற சூலு பாடகர், சிங்கத்தைப் பற்றி 'இம்பூபே' என்ற பாட்டைத் தம் குழுவுடன் பாடிப் பதிவு செய்தார். 1961-இல் அதன் மெட்டு ஆங்கிலச் சொற்களுடன் அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றது. பாட்டு உலகைச் சுற்றியது. லிண்டாவோ 1962-இல் ஏழையாகவே மறைந்தார். பின்னர் அவர் குடும்பத்தின் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. 2006-இல் உடன்பாடு ஏற்பட்டு, அவருடைய பங்கு ஏற்கப்பட்டது.

பழைய பாட்டுப் புதுமேடை ஏறுவது நல்லதே. பாடியவர் பெயரும் அதனுடன் ஏற வேண்டும். நம் தோட்டங்களில் பாட்டிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் எத்தனை! இன்று கைத்தொலைபேசியிலேயே குரலைப் பதிந்து வைக்கலாம். பதியும்போது பாடியவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் மறவாமல் குறித்து வைப்போம்.