ஹெவி மெட்டலின் கனம் எங்கே இருக்கிறது?

ஹெவி மெட்டல் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு ஒலியளவை நன்றாகக் குறைத்துப் பாருங்கள். பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்குக் குறைத்தாலும் அதன் கனம் குறைவதில்லை. புல்லாங்குழலை எவ்வளவு கூட்டிவைத்தாலும் அந்தக் கனம் வருவதும் இல்லை. 'வெறும் இரைச்சல்' என்று இந்த இசையைத் தள்ளிவிடுகிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: சத்தத்தைக் குறைத்த பிறகும் எஞ்சி நிற்கும் அந்தக் கனம் எதனால் ஆனது?

தெருக்கோடியில் ஒருவர் கத்தினால், நம் காதுக்கு வந்து சேரும்போது அது மெல்லிய ஒலிதான். ஆனாலும் அவர் பேசவில்லை, கத்துகிறார் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. ஒலி தேய்ந்தாலும் தொண்டை இறுகியதன் தடயம் அதில் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிதாருக்கு அந்த இறுக்கத்தைத் தருவது ஆம்ப்ளிஃபையர்.

கிதாரின் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட 'பிக்கப்' இருக்கிறது. தந்தி அதிரும்போது சுருளில் சிறு மின் அலை எழுகிறது. அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையருக்குத் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அதற்கு மேல் போனால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்படித் தட்டையான அலையில் மூல சுரத்தோடு அதன் மூன்று, ஐந்து, ஏழு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் வலுவாக ஒலிக்கும். கரகரப்பு பிறப்பது இப்படித்தான். இன்னொரு பலனும் உண்டு. சுண்டியதும் எழுந்து உடனே தேய வேண்டிய ஒலி, முகடு வெட்டுப்பட்டதால் ஒரே மட்டத்தில் நெடுநேரம் நிற்கிறது. முகடுகள் இப்படி வெட்டுப்படுவதைத்தான் 'டிஸ்டார்ஷன்' என்கிறார்கள்.

ஒலிப்பொறியாளர்களுக்கு இது பழுது. நீக்க வேண்டிய குறை. இசைக்கலைஞர்கள்தான் அதில் ருசி கண்டார்கள். 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றில், ஒலிப்பதிவுக் கருவியின் கோளாறால் கிதார் ஒலி கரகரத்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டார்கள், பாட்டும் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் 'ஃபஸ்' பெட்டி விற்பனைக்கு வந்தது. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சவரக் கத்தியால் கிழித்துவிட்டே வாசித்தார். அடுத்த சில ஆண்டுகளில் லண்டனில் ஜிம் மார்ஷல் செய்த 100 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் மேடைகளில் சுவர்போல அடுக்கப்பட்டன.

டிஸ்டார்ஷன் வந்ததும் வாசிப்பின் இலக்கணமும் மாறியது. கரகரப்பான ஒலியில் மூன்று நான்கு சுரங்களை ஒன்றாக மீட்டினால் கலங்கிவிடும். அதனால் மெட்டல் கிதார்காரர்கள் பெரும்பாலும் இரண்டே சுரங்களை வைத்துக்கொள்கிறார்கள்: ஆதார சுரமும் அதன் ஐந்தாம் சுரமும். தம்புராவில் ஓயாமல் கேட்கும் ச–ப உறவுதான் இது. 'பவர் கார்டு' என்று பெயர்.

இங்கே இயற்பியல் ஒரு வேலை செய்கிறது. கிதாரின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. அதன் பஞ்சமம் சுமார் 123 முறை. முகடு வெட்டும் ஆம்ப்ளிஃபையருக்குள் இரண்டும் சேர்ந்து நுழையும்போது, அவற்றின் வித்தியாசமான 41 என்ற புது அதிர்வும் பிறக்கிறது. அது ஆதார சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் கிதாரின் அடித்தந்தி ஒலிக்கும் இடம். கிதார்காரரின் விரல் அங்கே போகவே இல்லை. ஆனாலும் சுரம் கேட்கிறது. நடுவில் ஒரு காந்தாரத்தையும் சேர்த்தால் 20, 21 என்று ஒன்றோடொன்று பொருந்தாத மிச்சங்கள் கிளம்பி அந்த அடித்தளத்தைக் குழப்பிவிடும். மெட்டலின் கனத்தில் பெரும்பங்கு, யாரும் மீட்டாத இந்தக் கீழ்ச்சுரத்துக்கு உரியது.

இந்தக் கூறுகளையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். தொழிற்சாலைகளின் ஊர். கிதார்காரர் டோனி அயோமி அங்கே தகட்டு உலோகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். 1965இல், 17 வயதில், முழுநேர இசைக்குப் போவதற்காக வேலையை விட்ட கடைசி நாளன்று, எந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்தது. அவர் இடக்கைக்காரர்; தந்திகளை அழுத்துவது வலது கை. தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கியும் கிதார் மேதையாக விளங்கிய ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை மேலாளர் கொண்டுவந்து கொடுத்து ஊக்கப்படுத்தினார். அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனி உறைகள் செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். வழக்கமான தந்திகள் அந்த விரல்களுக்கு அடங்காததால் மெல்லிய பேஞ்சோ தந்திகளை மாட்டினார். சில ஆண்டுகள் கழித்துச் சுருதியையும் இறக்கினார். அவருடைய குழு 1971இல் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பின் பல பாடல்களில் மூன்று அரைச்சுரம் கீழே. 82 அதிர்வுகள் 69 ஆயின. தந்தி தளர்ந்தது, விரலுக்கு இதமானது, ஒலி இன்னும் அடியாழத்துக்குப் போனது. இன்று உலகெங்கும் மெட்டல் குழுக்கள் நல்ல விரல்களோடு அதே சுருதி இறக்கத்தைச் செய்கின்றன.

அயோமியோடு அதே நகரின் ஆஸ்டன் பகுதி இளைஞர்களான ஆஸி ஆஸ்போர்ன், கீஸர் பட்லர், பில் வார்டு சேர்ந்த குழுதான் பிளாக் சாபத். 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த அவர்களின் முதல் தொகுப்பை மெட்டலின் தொடக்கமாகப் பலரும் கொள்கிறார்கள். அதன் முதல் பாடலின் முக்கிய கிதார் தொடரில் மூன்று சுரங்களே திரும்பத் திரும்ப வருகின்றன: ச, மேல் ச, இரண்டுக்கும் சரிபாதியில் பிரதி மத்யமம். இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் 'செவ்வாய்' இசையைப் பட்லர் பேஸ் கிதாரில் வாசித்துப் பார்த்ததிலிருந்து அது உருவானது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசைநூல்கள் இந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயரைக் கொடுத்திருந்தன. அதைத் திருச்சபை தடைசெய்தது என்று சொல்லப்படுவதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது. சாத்தானுக்கும் அந்தச் சுரத்துக்கும் இயல்பான உறவு ஏதும் இல்லை என்பதை நம் காதுகளே சொல்லும். கல்யாணி ராகத்தின் மத்யமமும் அதுதான்; கல்யாணியைக் கேட்டு யாரும் நடுங்குவதில்லை. கல்யாணியில் அது பஞ்சமத்தை நோக்கிச் சாய்ந்து அமைதி அடைகிறது. பிளாக் சாபத் அதைப் பஞ்சமத்துக்குப் போகவிடாமல், மந்த நடையில், அங்கேயே நிறுத்தி அதிரவைக்கிறது. அச்சம் பிறப்பது அந்தத் தவிப்பில்.

பிறகு வேகம் வந்தது. அதே பர்மிங்ஹாமின் ஜூடாஸ் பிரீஸ்ட் இரட்டைக் கிதார்களைக் கூர்மையாக்கியது. தோல் உடையும் உலோகக் குமிழ்களும் அவர்கள் வழியாகவே மெட்டலின் சீருடை ஆயின. 1980களில் அமெரிக்காவில் மெட்டாலிக்கா, ஸ்லேயர் போன்றவர்கள் 'த்ராஷ்' பாணியை வளர்த்தார்கள். உள்ளங்கை ஓரத்தைக் குதிரைக்கு அருகே தந்திமேல் லேசாக வைத்தபடி மீட்டுவது அதன் உயிர்நாடி. ஒலி நீளாமல் சட்டென்று அறுபடும், கிதாரே தாளவாத்தியமாகிவிடும். டிரம்ஸ்காரர் இரண்டு கால்களாலும் பேஸ் டிரம்மை அடித்து அதோடு இணைவார். 'டெத் மெட்டல்' பாடகர்களின் உறுமலிலும் நுட்பம் இருக்கிறது. குரல்நாண்களுக்கு மேலே உள்ள பொய்க் குரல்நாண்களை அதிரவைத்துப் பாடுகிறார்கள். மங்கோலிய, துவா தொண்டைப் பாடகர்களும் கீழ்ஸ்தாயிக்கு இதே உறுப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்த இசைமீது குற்றச்சாட்டுகளுக்கும் குறைவில்லை. 1985இல் அமெரிக்க செனட் குழு பாடல் வரிகளை விசாரித்தது. ட்விஸ்டட் சிஸ்டர் பாடகர் டீ ஸ்னைடர் நேரில் போய்ப் பதில் சொன்னார். 1990இல் ஜூடாஸ் பிரீஸ்ட் பாட்டில் மறைமொழி வைத்து இளைஞர்களைத் தற்கொலைக்குத் தூண்டியதாக நெவாடாவில் நடந்த வழக்கு தள்ளுபடியானது. எல்லாமே வீண்பழி என்று சொல்லிவிடவும் முடியாது. 1990களின் தொடக்கத்தில் நார்வேயின் 'பிளாக் மெட்டல்' வட்டத்தினர் சிலர் பழைய மரத் தேவாலயங்களை எரித்தார்கள், கொலையும் நடந்தது.

ரசிகர் கூட்டத்தை அறிவியலும் ஆராய்ந்திருக்கிறது. மேடைக்கு முன்னால் ரசிகர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் 'மாஷ் பிட்' காணொளிகளைக் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் அளந்து 2013இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஆட்டக்காரர்களின் வேகப் பரவல் வாயு மூலக்கூறுகளின் பரவலை ஒத்திருந்தது. வாயுவுக்கு இல்லாத ஒரு விதி அங்கே உண்டு: விழுந்தவரைச் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கிவிட வேண்டும். உரத்த ஆண்மையின் மேடையாகத் தெரியும் இந்த உலகம், ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு தான் தன்பாலீர்ப்பாளர் என்று 1998இல் அறிவித்தபோது அவரைக் கைவிடவும் இல்லை.

இன்று மெட்டல் எல்லா ஊர்களிலும் இருக்கிறது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவிலிருந்து வந்த வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட், ஹிஜாப் அணிந்த மூன்று பெண்களின் குழு. 2007இல் அயர்ன் மெய்டன் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தது. 2025 ஜூலை 5 அன்று பிளாக் சாபத்தின் நால்வரும் ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாக ஒன்றுகூடினார்கள். அதே மாதம் 22ஆம் தேதி ஆஸி மறைந்தார்.

புதிதாகக் கேட்கிறவர்கள் மூன்று பாடல்களோடு தொடங்கலாம். முதலில் பிளாக் சாபத்தின் அந்த முதல் பாடல்: மழைக்கும் மணியோசைக்கும் பிறகு வரும் மூன்று சுரங்களுக்காக. அடுத்து மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்': உள்ளங்கை அடக்கும் தந்திகளுக்காக. மூன்றாவது, மங்கோலியாவின் தி ஹூ குழு பாடிய 'வுல்ஃப் டோட்டம்'. அதில் பாட்டைச் சுமப்பவை குதிரைத்தலை செதுக்கிய இருதந்தி வில்வாத்தியமும் தொண்டைப் பாட்டும்தான். அடித்தளச் சுரம், கரகரப்பு, அறுந்து அறுந்து விழும் தாளம் ஆகிய மூன்றும் இருக்கின்றன, கனம் வந்துவிடுகிறது. செய்முறை தெரிந்தவர்களுக்குப் பர்மிங்ஹாமும் கட்டாயமில்லை, கிதாரும் கட்டாயமில்லை.