பதிவேடும் அதன் காவலும்

1979ஆம் ஆண்டில் டான் பிரிக்ளின், பொப் பிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் உருவாக்கிய விசிகல்க் என்ற மென்பொருள் வெளிவந்தது. கணக்கரின் கட்டம் போட்ட தாள் அதனால் கணினித் திரைக்கு ஏறியது. ஓர் எண்ணை மாற்றினால், அதனைச் சார்ந்த தொகைகளெல்லாம் தாமே திருந்தின. கூட்டிக் கழிப்பதற்கென்று பிறந்த அவ்விரிதாளிடம், நாளடைவில் பெயர்ப்பட்டியலையும் நோயாளர் இடாப்பையும் கூட மாந்தர் ஒப்படைத்துவிட்டனர்.

இதன் விளைவை 2020இல் இங்கிலாந்து கண்டது. கொரோனாத் தொற்றாளர் விவரங்களைத் திரட்ட, அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் எக்செல் மென்பொருளின் பழைய கோப்பு வடிவத்தைக் கையாண்டது. அவ்வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகளே இடமுண்டு. அதற்கு மேற்பட்டவை ஓசையின்றி விடுபட்டன. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர் இவ்வாறு கணக்கில் வராது போயினர். நோயாளருக்குத் தம் பரிசோதனை முடிவு தெரிந்திருந்தது. அவரோடு பழகியோரைத் தேடி எச்சரிக்க வேண்டியவர்களுக்கோ அப்பெயர்கள் உரிய காலத்திற் கிடைக்கவில்லை.

இடாப்புக்கு ஏற்றது தரவுத்தளமே. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுதி, ஏனைய இடங்கள் அதனைச் சுட்டுமாறு அமைப்பது அதன் முறை. வகுப்பாசிரியர் மாறினால், விரிதாளில் நாற்பது மாணவரின் வரிகளையும் திருத்த வேண்டும். தரவுத்தளத்தில் வகுப்பின் வரி ஒன்றைத் திருத்தினாற் போதும். தோற்றத்தில் விரிதாளாகவும் உள்ளே தரவுத்தளமாகவும் இயங்கும் எயார்டேபிள் போன்ற சேவைகள் இதனை எளிதாக்கின. ஆயினும் பதிவேடு நிறுவனத்தின் கணினியிலேயே கிடக்கும். கட்டணமும் வரம்பும் அந்நிறுவனம் வகுப்பவை.

மாற்று உண்டா என நேயர்கள் கேட்கக்கூடும். உண்டு. கிறிஸ்ற், பேஸ்ரோ போன்றவற்றின் மூலநிரல் திறந்து கிடக்கிறது; எவரும் தம் கணினியில் நிறுவி நடத்தலாம். பிரெஞ்சு அரசு கிறிஸ்ற் மென்பொருளைத் தன் சேவையகத்தில் ஊழியர்க்கு வழங்குவதோடு, அதன் நிரலாக்கத்திலும் பங்கு கொள்கிறது. கிறிஸ்ற் ஆவணம் ஒவ்வொன்றும் எஸ்கியூலைற் எனும் பொதுவான வடிவத்தில் அமைந்த ஒரே கோப்பாகும். கிறிஸ்ற் நாளை மறைந்தாலும் வேறு மென்பொருள்கள் அதனைத் திறக்கும். இதுவே பெரும் ஆறுதல்.

குடிபெயர்வது இலேசன்று. பழைய சேவையிலிருந்து சாதாரண உரைக்கோப்பாக எடுக்கும்போது எழுத்துகள் வரும்; அட்டவணைகளுக்கிடையிலான தொடர்புகளும் சூத்திரங்களும் வாரா. அவற்றைக் கையால் மீள அமைத்தல் வேண்டும். இணைத்திருந்த படங்களையும் தனியே இறக்கிக்கொள்ளல் வேண்டும்.

அதன்பின் காவலும் சொந்தக்காரருடையதே. பாதுகாப்புத் திருத்தங்களை அவ்வப்போது நிறுவவேண்டும். பிரதிகள் அதே கணினியில் இருந்தால், அது பழுதாகும் நாளில் அவையும் போய்விடும். ஆகவே வேறிடத்தில் வைத்து, இடையிடையே திறந்தும் பார்க்கவேண்டும். பொறுப்பாளர் இடமாற்றம் பெற்றுச் செல்லுமுன், கடவுச்சொற்களையும் செய்முறையையும் எழுத்தில் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.